லைம் நோய் நரம்பைத் தாக்கினா என்ன ஆகும்? திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளும் பதில்களும்

உண்ணி கடிச்சு வர்ற லைம் நோய் நரம்பையும் விடாதுன்னு தெரிஞ்சதும் ஜனங்க கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒரு பக்கம் முகம் கோணிப்போய் ரெண்டு வாரமா என்னன்னே தெரியாம அலையறவங்க, இன்னொரு பக்கம் டயர்டா இருக்கு, மறதியா இருக்கு, இது கண்டிப்பா மூளைல லைம்தான்னு முடிவே பண்ணிட்டவங்க. ரெண்டு பேருக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, அதான் மொத்தமா எழுதிட்டேன். மருந்து அளவெல்லாம் விஷயம் புரியறதுக்காகத்தான் போட்டிருக்கேன், நீங்களா வாங்கி சாப்பிடறதுக்கு இல்ல.

லைம்னா தோல்ல வட்டமா வருமே அதுதானே? அதுக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

தோல்ல வர்றது ஆரம்பம் மட்டும்தான். இதுக்குக் காரணம் பொரீலியாங்கிற ஒரு பாக்டீரியா, ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டு இருக்கும், சிஃபிலிஸ் கிருமிக்கு தூரத்து சொந்தம். உண்ணி கடிச்ச இடத்துல தோலுக்குள்ள பரவி, அப்புறம் ரத்தத்துல கலந்து மூட்டு, இதயம், நரம்புன்னு போய் உக்காரும்.

அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல லைம்ங்கிற ஊர்ப் பக்கம் 1970கள்ல நிறைய குழந்தைகளுக்கு மூட்டு வீங்கினதை ஆலன் ஸ்டீர்ங்கிற டாக்டர் ஆராய்ஞ்சார், 1982ல வில்லி பர்க்டார்ஃபர் கிருமியைக் கண்டுபிடிச்சது வெளிய வந்துச்சு. இந்தக் கதையை மட்டும் கேட்டவங்க இது மூட்டு வியாதின்னு நினைச்சுக்கறாங்க. ஆனா நரம்பு விஷயம் அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். 1922லயே ஃப்ரான்ஸ்ல காரின், புஜாதூன்னு ரெண்டு டாக்டர்கள் உண்ணி கடிக்கு அப்புறம் கடுமையான வலியும் பக்கவாதமும் வந்த ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்காங்க, 1941ல ஜெர்மனில பன்வார்த்ங்கிறவர் இதே மாதிரி பலரைப் பத்தி எழுதினார். யாருக்கும் அப்போ கிருமி எதுன்னு தெரியாது, அவ்ளோதான்.

எந்த உண்ணி கடிச்சாலும் வருமா? நாய் மேல இருந்த உண்ணி கடிச்சிடுச்சு, பயமா இருக்கு

இல்ல. இக்ஸோடிஸ்ங்கிற இனத்து உண்ணிங்க மட்டும்தான் இதைப் பரப்பும். அமெரிக்காவோட கிழக்குப் பக்கமும் நடு வடக்கும் ஒரு வகை, மேற்குக் கரையில இன்னொரு வகை, ஐரோப்பா முழுக்க ஒரு வகை, கிழக்கு ஐரோப்பாலேந்து வட ஆசியா வரைக்கும் ஒரு வகைன்னு இருக்கு. நாய்ங்க மேல சாதாரணமா ஒட்டியிருக்குற பழுப்பு உண்ணி லைமைப் பரப்பாது, அதுக்கு வேற வியாதிங்க இருக்கு. அதனால எந்த ஊர்ல, எந்த உண்ணி கடிச்சதுங்கறதுதான் முதல் கேள்வி.

பெரும்பாலும் பரப்புறது முழுசா வளராத குட்டி உண்ணி, கசகசா அளவுதான் இருக்கும், கடிச்சா வலிக்கவும் செய்யாது. அது ஒட்டினதும் கிருமி உடனே இறங்கிடாது, பொதுவா 24 மணி நேரத்துக்கு மேல ஒட்டியிருந்தாத்தான் ஆபத்து. பாத்த உடனே மெல்லிய முனை ட்வீசரால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்து எடுத்துடுங்க. எண்ணெய் தடவறது, நெயில் பாலிஷ் பூசறது, தீக்குச்சி வைக்கிறதெல்லாம் வேண்டாம்.

சரி கடிச்சிடுச்சு. நரம்புல ஏறாம இருக்க முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கலாமா?

சில சமயம் குடுப்பாங்க. லைம் அதிகமா இருக்குற பகுதி, இக்ஸோடிஸ் உண்ணிதான்னு தெரியும், 36 மணி நேரமோ அதுக்கு மேலயோ ஒட்டியிருந்திருக்கு, எடுத்து 72 மணி நேரம் ஆகலை. இந்த எல்லாமே சேர்ந்து வந்தா பெரியவங்களுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் 200 மி.கி. ஒரே ஒரு வேளை. இதுல ஒண்ணு இல்லன்னாலும் பொதுவா காத்திருந்து பாப்பாங்க.

மாத்திரை எதுவுமே போடாம, வியாதி வந்தும் கவனிக்காம விட்டவங்கள்ல 100ல 10லேந்து 15 பேருக்குத்தான் நரம்பு பாதிக்கும். தோல்ல வந்தப்பவே மருந்து எடுத்துட்டா அது ரொம்பக் குறைவு. ஐரோப்பால இந்தக் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி போகும், ஏன்னா அங்க பொரீலியா கரினீன்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு நரம்புதான் பிடிச்ச இடம். அமெரிக்க வகைக்கு மூட்டு மேல மோகம் அதிகம்.

கடிச்சு எத்தனை நாள்ல நரம்பு பிரச்சனை ஆரம்பிக்கும்?

தோல்ல சிவப்பு 3லேந்து 30 நாளுக்குள்ள. நரம்பு அதுக்கப்புறம், சில வாரத்துலேந்து சில மாசத்துக்குள்ள. நேத்து உண்ணி கடிச்சு இன்னிக்கு முகம் கோணினா அது அந்தக் கடியால இருக்க வாய்ப்பே இல்ல. அதே மாதிரி பத்து வருஷம் முன்னாடி காட்டுல நடந்தேன், இப்போ கை மரத்துப் போகுதுன்னு சொன்னாலும் முதல் சந்தேகம் லைமா இருக்காது. இந்தக் காலக் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, கீழ நிறைய பதில்ல இதுதான் வரும்.

எனக்கு அந்த வட்டம் வரவே இல்லயே, உண்ணியும் பாக்கலை. அப்போ லைம் இல்லதானே?

அப்படி சொல்லிட முடியாது. 100க்கு 70, 80 பேருக்குத்தான் தோல்ல வரும், அதுவும் முதுகுலயோ முடிக்குள்ளயோ முட்டிக்குப் பின்னாலயோ வந்தா யார் பாக்கறது. எல்லாருக்கும் படத்துல காட்டுற மாதிரி நடுவுல வெளுத்து வளையமா வராது, வெறும் சிவப்புத் திட்டா மெதுவா பெருசாகிட்டே போகும். நம்மள மாதிரி கருத்த தோல்ல சிவப்பாவே தெரியாது, கன்னிப்போன மாதிரி இருக்கும், அதனாலயே கோட்டை விட்டுடறாங்க. நரம்பு லைம் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு கடிச்சதே ஞாபகம் இருக்காது. உண்ணி இருக்குற பகுதிக்கு அந்த சீசன்ல போனீங்களாங்கறது, கடிச்சுதாங்கறதை விட உருப்படியான கேள்வி.

நரம்பைத் தாக்கிடுச்சுன்னா என்னென்ன ஆகும்? மூளை போயிடுமா?

மூளை போகாது. பெரும்பாலும் பாதிக்கிறது மூளையோட சதையை இல்ல, அதைச் சுத்தி இருக்குற உறையையும் அங்கேந்து வெளிய வர்ற நரம்புங்களையும்தான். மூணு விதமா வரும், தனியாவும் வரலாம் சேர்ந்தும் வரலாம்.

ஒண்ணு, முகத்துக்கு வர்ற நரம்பு, அது செயல் இழந்தா வாய் கோணும், கண்ணு மூடாது, சில பேருக்கு ரெண்டு பக்கமும். அபூர்வமா கண்ணை அசைக்கிற நரம்பு போய் ரெட்டையா தெரியும். ரெண்டாவது மெனிஞ்சைட்டிஸ், மூளை உறை வீங்கறது, ஆனா ஆளை ஒரே நாள்ல சாய்க்கிற பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் மாதிரி இல்லாம தலைவலி வந்து வந்து போகும், கழுத்து லேசா இறுகும், வெளிச்சம் ஆகாது, காய்ச்சல் இருந்தாலும் இருக்கும் இல்லாமலும் போகும். மூணாவது முதுகுத் தண்டுலேந்து நரம்பு கிளம்புற வேர்ப் பகுதி வீங்கறது, இதுதான் பன்வார்த் எழுதின அந்த பயங்கர வலி, அதுக்குத் தனியா கேள்வி இருக்கு கீழ.

கிருமி நரம்பைத் தின்னுடுதா? உள்ள என்னதான் நடக்குது?

தின்னாது. இந்தக் கிருமி விஷம் எதுவும் சுரக்கிறதாவும் தெரியலை. ரத்தம் வழியாவோ, தோல்ல இருக்குற நரம்பைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல உள்ள ஏறியோ மூளை உறை வரைக்கும் போகுதுன்னு சொல்றாங்க. எண்ணிக்கைல ரொம்பக் கொஞ்சம்தான் அங்க இருக்கும். ஆனா அதைப் பாத்த நம்ம எதிர்ப்பு சக்தி சும்மா இருக்குமா, சிஎக்ஸ்சிஎல்13ன்னு ஒரு ரசாயன அழைப்பை அனுப்பி வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமா வரவழைக்கும், அந்தக் கூட்டம் நரம்பைச் சுத்தியும் அதுக்கு ரத்தம் குடுக்குற சின்னக் குழாய்களைச் சுத்தியும் சேந்து வீக்கம் உண்டாக்கும். பாதி சேதம் அந்த வீக்கத்தாலதான்.

முக நரம்புக்கு ஏன் இவ்ளோ அடிக்கடி வருதுங்கறதுக்கும் இதுல கொஞ்சம் பதில் இருக்கு. அந்த நரம்பு காதுக்குப் பின்னால ஒரு ஒடுக்கமான எலும்புக் குழாய் வழியா வருது, கொஞ்சம் வீங்கினாலும் நகர இடம் கிடையாது.

காலைல எழுந்தா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஸ்ட்ரோக்கா, பெல்ஸ் பால்சியா, லைமா?

முதல்ல ஸ்ட்ரோக். கை கால் பலம் இல்ல, பேச்சு குழறுது, திடீர்னு பார்வை போச்சு, நடக்க முடியலன்னா இந்தப் பக்கத்தை மூடிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பாப்பாங்க, பொதுவா ஸ்ட்ரோக்ல நெத்தி சுருங்கும், வாய் மட்டும் கோணும். பெல்ஸ் பால்சிலயும் (காரணம் தெரியாம திடீர்னு முக நரம்பு செயல் இழக்கறது) லைம்லயும் நெத்தியும் சேந்து செத்துப்போன மாதிரி இருக்கும். ஆனா இதை வெச்சு கண்ணாடி முன்னாடி நின்னு நீங்களே தீர்ப்பு சொல்லிக்காதீங்க, டாக்டர் பாக்கட்டும்.

பெல்ஸ் பால்சிக்கும் லைமுக்கும் முகத்தைப் பாத்து மட்டும் வித்தியாசம் சொல்ல முடியாது. சந்தேகம் லைம் பக்கம் சாயறது எப்போன்னா, உண்ணி இருக்குற பகுதி, கோடையோ அது முடிஞ்ச உடனேயோ, ஆள் சின்னக் குழந்தை, கூடவே தலைவலி காய்ச்சல் உடம்புவலி, இல்ல உடம்புல எங்கயாவது அந்தத் திட்டு. ரெண்டு பக்கமும் ஒண்ணா கோணினா பெல்ஸ்னு விடவே கூடாது, லைம், கில்லன் பாரே (எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கறது), சார்காய்டோசிஸ் (உறுப்புங்கள்ல சின்னச் சின்ன வீக்கக் கட்டி வர்றது)னு பாக்க நிறைய இருக்கு. காதுக்குள்ள கொப்புளம் இருந்தா அது அக்கி வகை.

எதுவா இருந்தாலும் கண்ணைக் காப்பாத்துங்க. இமை மூடலன்னா கருவிழி காஞ்சு புண்ணாயிடும். பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி ஆயின்ட்மென்ட் போட்டு இமையை டேப் ஒட்டிப் படுங்க. முகம் பெரும்பாலும் தானா சரியாயிடும், கருவிழில விழுந்த தழும்பு அப்படி இல்ல, இதை யாரும் சொல்றதில்லன்னு எனக்குக் கோவமே வரும்.

பெல்ஸுக்கு உடனே ஸ்டீராய்ட் குடுக்குறாங்களே. லைமா இருந்தாலும் குடுக்கலாமா?

இது டாக்டர்களுக்கே தலைவலி புடிச்ச இடம். பெல்ஸ் பால்சில 72 மணி நேரத்துக்குள்ள ஸ்டீராய்ட் ஆரம்பிச்சா நல்லா குணமாகுதுன்னு உறுதியா தெரியும். லைம் முக வாதத்துல அப்படி ஆதாரம் இல்ல, பழைய கேஸ்களைப் புரட்டிப் பாத்த சில ஆய்வுகள்ல ஸ்டீராய்ட் வாங்கினவங்களுக்கு முகம் கொஞ்சம் மோசமாவே தேறியிருக்கு. 2020ல அமெரிக்காவோட தொற்றுநோய், நரம்பியல், மூட்டு மருத்துவ சங்கங்கள் சேந்து போட்ட வழிகாட்டில லைம்னு தெரிஞ்சவங்களுக்கு ஸ்டீராய்ட் சேக்கலாம்னும் சொல்லலை, கூடாதுன்னும் சொல்லலை.

நடைமுறைல, லைமுக்கான வேற அடையாளம் இல்லாத பெரியவங்களுக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தா அந்த 72 மணி நேரம் போயிடும், அதனால ஸ்டீராய்ட் ஆரம்பிச்சுடுவாங்க. திட்டு, காய்ச்சல்னு லைம் அடையாளம் தெளிவா இருந்தா ஆன்டிபயாட்டிக்தான் முக்கியம்.

நைட்டுல விலா எலும்புப் பக்கம் எரிச்சலா வலி, தூங்கவே முடியல. டிஸ்க்னு ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் இல்லங்கறாங்க

டிஸ்க், அக்கி, பித்தப்பை, ஹார்ட், கிட்னி கல், எல்லாத்துக்கும் டெஸ்ட் எடுத்து கடைசில லைம்னு தெரிஞ்ச கேஸ்கள் உண்டு. நரம்பு வேர் வீங்கினா வலி எரியும், குத்தும், ஷாக் அடிக்கும், இடம் மாறும், ராத்திரி ஆனா அதிகமாகும், சாதாரண வலி மாத்திரைக்கு அசையாது. மார்பைச் சுத்தி, வயித்துச் சுவர்ல, தோள்பட்டைக்கு நடுவுல, இல்ல கை கால்ல வரும். பெரும்பாலும் கடிச்ச பக்கத்துலயே. வலி வந்து ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அந்த இடத்துல பலம் குறையலாம், கூடவே முகமும் கோணலாம், அப்போதான் ரெண்டுக்கும் முடிச்சுப் போடறாங்க.

இது பெரியவங்களுக்குத்தான் அதிகம், அதுவும் ஐரோப்பால. வலிக்குக் காரணம் ஸ்கேன்ல தெரியல, ராத்திரில மோசம், உண்ணி சீசன்ல வெளிய சுத்தினேன்னு இருந்தா லைம் டெஸ்ட் எடுக்கலாமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க, தப்பே இல்ல. ஒரு ஆறுதல், சரியான மருந்து ஆரம்பிச்சா இந்த வலி சில நாள்லயே நல்லா குறைய ஆரம்பிக்கும்.

குழந்தைங்களுக்கு வேற மாதிரி வருமா?

முகம் கோணறதும் மெனிஞ்சைட்டிஸும்தான் அதிகம், மேல சொன்ன வேர் வலி குறைவு. சில குழந்தைகளுக்கு தலைக்குள்ள பிரஷர் ஏறி கண் நரம்பு வீங்கும். தலைவலியோட பார்வை மங்குது, ரெட்டையா தெரியுதுன்னு சொன்னா தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே கண்ணுக்குள்ள பாக்கணும்.

மெனிஞ்சைட்டிஸ் வைரஸாலயா லைமாலயான்னு பிரிக்க எமர்ஜென்சில ஏழு ஏழுன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. தலைவலி 7 நாளுக்குக் கம்மி, 7ஆவது மூளை நரம்பு, அதாவது முக நரம்பு, பாதிக்கலை, முதுகுத் தண்ணில (மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்குற திரவம்) இருக்குற வெள்ளை அணுக்கள்ல ஒற்றைக்கரு வகை 70 சதவீதத்துக்குக் கம்மி. இந்த மூணும் இருந்தா லைம் வாய்ப்பு ரொம்பக் குறைவு. டாக்ஸிசைக்ளின் சின்னக் குழந்தைக்குக் குடுத்தா பல் கறையாகும்னு பழைய பயம் ஒண்ணு இருக்கு, 21 நாள் வரைக்கும் எந்த வயசுலயும் குடுக்கலாம்னு அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமியே சொல்லிடுச்சு.

ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துச்சு. அப்போ நிம்மதியா இருக்கலாமா?

எப்போ எடுத்தீங்கங்கறதைப் பொறுத்தது. அந்த டெஸ்ட் கிருமியைத் தேடல, கிருமிக்கு எதிரா உடம்பு செய்யற ஆன்டிபாடியைத் தேடுது. அது தேறி வர சில வாரம் ஆகும். கடிச்ச முதல் வாரத்துல எடுத்த நெகட்டிவ்க்கு மதிப்பே இல்ல. முகம் கோணின அன்னிக்கு எடுத்து நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் பலமா இருந்தா ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுப்பாங்க. ஆனா ரெண்டு மாசத்துக்கு மேல தொந்தரவு இருந்தும் டெஸ்ட் சுத்தமா நெகட்டிவ்னா, அது லைமா இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அதை நம்புங்க.

டெஸ்ட் ரெண்டு படியா நடக்கும், முதல்ல எலைசாங்கிற ஆன்டிபாடி டெஸ்ட், அது பாசிட்டிவோ இழுபறியோ ஆனா அதை உறுதி பண்ண வெஸ்டர்ன் ப்ளாட்ங்கிற டெஸ்ட், இல்லன்னா வேற வகை இன்னொரு எலைசா. வெஸ்டர்ன் ப்ளாட்ல ஐஜிஎம் (முதல்ல வர்ற ஆன்டிபாடி வகை) மட்டும் பாசிட்டிவ்னா முதல் ஒரு மாசத்துக்குத்தான் அதைக் கணக்குல எடுப்பாங்க, மாசக்கணக்கா தொந்தரவு இருக்கவங்களுக்கு தனி ஐஜிஎம் பெரும்பாலும் பொய் பாசிட்டிவ்தான்.

எனக்குத் தலைகீழ். பாசிட்டிவ்னு வந்துச்சு, டாக்டர் லைம் இல்லங்கறார். எப்படி?

ஏன்னா ஆன்டிபாடி வருஷக்கணக்கா ரத்தத்துல இருக்கும், மருந்து எடுத்து குணமானாலும் இருக்கும். உண்ணி அதிகமான பகுதில வாழ்றவங்கள்ல கொஞ்ச பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லாமலே பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ்னா என்னிக்கோ ஒரு நாள் கிருமி உள்ள வந்திருக்குன்னு அர்த்தம், இன்னிக்கு இருக்குற தலைசுத்தலுக்கு அதுதான் காரணம்னு அர்த்தம் இல்ல. தொந்தரவு லைம் மாதிரி இருக்கா, காலம் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் டெஸ்டுக்கு எழுதணும், சும்மா எல்லாத்தையும் பாத்துடலாம்னு எடுத்தா இப்படித்தான் குழப்பம்.

முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுக்கணும்ங்கறாங்க. கட்டாயமா? நடக்க முடியாம போயிடுமா?

நடக்க முடியாம எல்லாம் போகாது, ஊசி போடற இடத்துல தண்டுவடமே கிடையாது, அது அதுக்கு மேலயே முடிஞ்சுடும். சில பேருக்கு ரெண்டு மூணு நாள் உக்காந்தா தலைவலி வரும், படுத்தா குறையும்.

எல்லாருக்கும் தேவையும் இல்ல. லைம் பகுதில முகம் கோணி, தோல்ல திட்டும் இருந்து, மத்தபடி நல்லா இருந்தா நிறைய டாக்டர்கள் ஊசி இல்லாமலே மருந்து ஆரம்பிச்சுடுவாங்க. தலைவலி, வேர் வலி, நடை தடுமாற்றம், குழப்பம்னு இருந்தா எடுக்கறது நல்லது. ஐரோப்பால இதுக்கு மதிப்பு அதிகம், உறுதியான நரம்பு லைம்னு சொல்ல தண்ணில வெள்ளை அணுக்கள் ஏறியிருக்கணும், அங்கயே ஆன்டிபாடி உற்பத்தியாகியிருக்கணும்னு விதி வெச்சிருக்காங்க. அங்கயே உற்பத்தியான்னு கண்டுபிடிக்க அதே நேரத்துல ரத்தமும் எடுத்து ரெண்டையும் ஒப்பிடுவாங்க, இல்லன்னா ரத்தத்துலேந்து கசிஞ்சது எது, உள்ள செஞ்சது எதுன்னு தெரியாது. கிருமியோட மரபணுவைத் தேடற பிசிஆர் எடுத்தா தெரியாதான்னு கேப்பீங்க, கிருமி எண்ணிக்கை கம்மின்னு மேல சொன்னேனே, அதனால பிசிஆர் நிறைய தடவை கோட்டை விட்டுடும்.

மாத்திரை போதுமா, ட்ரிப்தான் போடணுமா? எத்தனை நாள்?

நரம்புன்னா ட்ரிப்தான்னு ஒரு காலத்துல இருந்துச்சு. 2008ல நார்வேல நடந்த ஆய்வுல டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் 14 நாள் குடுத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் சமமா வேலை செஞ்சது. இப்போ முக வாதம், மெனிஞ்சைட்டிஸ், வேர் வலிக்கு மாத்திரையோ ஊசியோ 14லேந்து 21 நாள். பெரியவங்களுக்கு டாக்ஸி நாளைக்கு 200 மி.கி., செஃப்ட்ரியாக்ஸோன் நாளைக்கு 2 கிராம். மூளையோ தண்டுவடமோ உள்ளயே பாதிச்சிருந்தா ஊசிதான், 2லேந்து 4 வாரம், ஆனா அது அபூர்வம்.

டாக்ஸி எடுக்கும்போது நிறைய தண்ணி குடிங்க, போட்டதும் படுக்காதீங்க, உணவுக்குழாய் புண்ணாகும். வெயில்ல தோல் சீக்கிரம் கருகும். இரும்பு, கால்சியம் மாத்திரையோட சேத்துப் போட்டா மருந்து உடம்புல ஏறாது.

முதல் வேளை மருந்து போட்டதும் குளிர் ஜுரம் வந்து இன்னும் மோசமாயிடுச்சு. நிறுத்திடலாமா?

வேண்டாம், டாக்டருக்கு மட்டும் சொல்லுங்க. கிருமி சாகும்போது முதல் 24 மணி நேரத்துல கொஞ்ச பேருக்கு இப்படி வரும், ஒரு நாள்ல அடங்கிடும். தடிப்பு, மூச்சு முட்டல்னா அது அலர்ஜி, உடனே ஓடணும். வாரக்கணக்கா மோசமாகிட்டே போகுது, அது கிருமி சாகுறதோட அடையாளம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கோர்ஸ் முடிஞ்சுது, முகம் பாதிதான் சரியாச்சு. இன்னொரு கோர்ஸ் வேணுமா?

பொதுவா வேண்டாம். மருந்தோட வேலை கிருமியைக் கொல்றது, நரம்பைத் தைக்கறது இல்ல. வீக்கம் மட்டும் இருந்த நரம்பு சில வாரத்துல வேலைக்கு வந்துடும், இழையே அறுந்திருந்தா நாளைக்கு சுமார் 1 மி.மீ. வேகத்துலதான் திரும்ப வளரும், மாசக்கணக்கு ஆகும். முக வாதத்துல பெரும்பாலானவங்க முழுசா, இல்ல கிட்டத்தட்ட முழுசா தேறிடறாங்க. கொஞ்ச பேருக்கு சிரிக்கும்போது கண்ணு சுருங்கறது மாதிரி சின்ன மிச்சம் நிக்கும், அதுக்கு முகப் பயிற்சி தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட்தான் சரி. புதுசா ஒரு நரம்பு போகுது, பலம் குறைஞ்சிட்டே வருதுன்னா மட்டும் மறுபடி முழுசா பாக்கணும்.

மருந்து எடுத்து ஆறு மாசமாச்சு. அசதி, மறதி, கவனம் நிக்கல. கிருமி மூளைலயே ஒளிஞ்சிருக்கா?

அசதி நிஜம். யாரும் கற்பனைன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. சரியா மருந்து எடுத்தவங்கள்லயும் 100க்கு 5லேந்து 10 பேருக்கு இப்படி மாசக்கணக்கா இழுக்குதுன்னு அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசியே சொல்லுது. கிருமி ஒளிஞ்சிருக்குறதாலதான்னு இருந்தா திரும்ப ஆன்டிபயாட்டிக் குடுத்தா சரியாகணுமே, அதைத்தான் நல்லா சோதிச்சுப் பாத்தாங்க. 2001ல வந்த அமெரிக்க ஆய்வுல ஒரு மாசம் ஊசி, ரெண்டு மாசம் மாத்திரை, டம்மி மருந்து எடுத்தவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. 2016ல நெதர்லாந்துல 280 பேர், 12 வாரம் கூடுதல் மருந்து, அதே கதை. 2008ல மறதி உள்ளவங்களுக்கு 10 வார ஊசி குடுத்ததுல முதல்ல கொஞ்சம் தேறின மாதிரி இருந்துச்சு, ஆறு மாசத்துல அதுவும் நிக்கல.

நஷ்டம் மட்டும் உண்டு. மருந்து ஏத்த மாசக்கணக்கா ரத்தக் குழாய்ல ட்யூப் போட்டு வெச்சதுல ரத்தத்துல தொற்று ஏறி இறந்தவங்க இருக்காங்க, பித்தப்பைக் கல், நிக்காத பேதி எல்லாம் வந்திருக்கு. அதனால நல்ல வழி, தூக்கம், தைராய்டு, ரத்தசோகை, பி12, மனச்சோர்வு இதையெல்லாம் ஒண்ணொண்ணா பாத்து சரியாகறதை சரி பண்றது, மெதுமெதுவா நடமாட்டத்தைக் கூட்டறது. கேக்க சப்புன்னு இருக்கும், தெரியும். டென்மார்க்ல 1986லேந்து 2016 வரைக்கும் நரம்பு லைம் வந்த 2,067 பேரோட ஆயுசு, வேலை, படிப்புன்னு எல்லாம் பாத்தாங்க, நாளடைவுல மத்தவங்களுக்கும் இவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

லைமால டிப்ரஷன், பானிக் வருமா?

டென்மார்க் பதிவேடுகளை வெச்சே 2021ல ரெண்டு ஆய்வு வந்து எதிரெதிரா நிக்குது. ஒண்ணு லைம்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்கள்ல மனநலப் பிரச்சனை கொஞ்சம் அதிகம்னுது, இன்னொண்ணு முதுகுத் தண்ணில உறுதியான நரம்பு லைம் உள்ளவங்கள்ல மனநோய் அதிகமில்லன்னுது. எனக்கு ரெண்டாவதுதான் எடை கூடுனதா படுது, ஏன்னா அதுல வியாதி நிச்சயம். எப்படி இருந்தாலும் டிப்ரஷனுக்கு டிப்ரஷன் வைத்தியம் பண்ணுங்க, லைம் முடிவாகட்டும்னு காத்திருக்காதீங்க.

எம்.ஆர்.ஐல வெள்ளைப் புள்ளி இருக்காம். எம்.எஸ்ஸா, லைமா? ஏ.எல்.எஸ், பார்க்கின்சன் கூட லைம்தான்னு ஒருத்தர் சொன்னார்

வெள்ளைப் புள்ளி வயசானா வரும், பிபி இருந்தா வரும், மைக்ரேன் உள்ளவங்களுக்கும் வரும். அதை மட்டும் பாத்து லைம் டெஸ்ட் எடுக்காதீங்கன்னுதான் 2020 வழிகாட்டில இருக்கு. எம்.எஸ் (மூளை, தண்டுவட நரம்போட உறை கெடற வியாதி), ஏ.எல்.எஸ் (தசையை இயக்கற நரம்பு செத்துப்போற வியாதி), பார்க்கின்சன், டிமென்ஷியா, குழந்தைகளோட வளர்ச்சிக் குறைபாடு இதுக்கெல்லாமும் வழக்கமா எடுக்க வேண்டாம்னு அதுலயே இருக்கு, ஏன்னா லைம் இதையெல்லாம் உண்டாக்குதுன்னு ஆதாரம் இல்ல. எடுத்து பாசிட்டிவ் வந்தா என்ன ஆகும்னு மேல சொன்னேன், ஏ.எல்.எஸ் உள்ளவர் மாசக்கணக்கா ஊசி போட்டுக்கிட்டு இருக்குற காலத்தையும் காசையும் இழப்பார்.

நிஜமாவே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கற லைம் இருக்கு, ரொம்ப அபூர்வம். கால் விறைச்சு நடை கெடும், சிறுநீர் அடக்க முடியாது, எம்.எஸ் மாதிரியே தெரியும். ஆனா அதுல முதுகுத் தண்ணி சும்மா இருக்காது, அணுக்கள் ஏறி, ஆன்டிபாடி உள்ளயே உற்பத்தியாகி இருக்கும். ஐரோப்பால வருஷக்கணக்கா தோல் நீலமாகி சுருங்கிப்போற ஒரு லைம் வகையும் உண்டு, அதோட கை கால் மரத்துப்போகும்.

ஒரு தடவை வந்துட்டா திரும்ப வராதுல்ல? வந்தாலும் டெஸ்ட் ஏற்கனவே பாசிட்டிவ், எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

திரும்ப வரும். வந்தவங்களுக்கு நிரந்தர பாதுகாப்பு கிடையாது, 1998ல வந்த தடுப்பூசியும் வாங்க ஆள் இல்லாம 2002ல சந்தையை விட்டுப் போயிடுச்சு. ரெண்டாவது தடவைக்கு ரத்த டெஸ்ட் பெருசா உதவாது, பழைய ஆன்டிபாடி அங்கயே இருக்குமே. தோல்ல புதுசா திட்டு வந்தா அதைப் பாத்தே மருந்து குடுத்துடுவாங்க.

நரம்புல வந்திருக்குமோன்னு சந்தேகம்னா முதுகுத் தண்ணிதான் கதி. அங்கயும் ஆன்டிபாடி வருஷக்கணக்கா தங்கும், அதனால அதை விட்டுட்டு வெள்ளை அணு எண்ணிக்கையைப் பாப்பாங்க, வசதி இருந்தா முன்ன சொன்ன சிஎக்ஸ்சிஎல்13ஐயும். வியாதி சூடா இருக்கும்போது ரெண்டும் ஏறியிருக்கும், மருந்துக்கு அப்புறம் இறங்கிடும். சிஎக்ஸ்சிஎல்13 நரம்பு சிஃபிலிஸ்லயும் மூளை லிம்ஃபோமாங்கிற புற்றுநோய்லயும் கூட ஏறும், அதனால தனியா அந்த ஒரு நம்பரை வெச்சு முடிவு பண்ண மாட்டாங்க. முதல் தடவை எடுத்த ரிப்போர்ட்டைத் தேதியோட பத்திரமா வெச்சிருந்தீங்கன்னா டாக்டருக்கு ஒப்பிட்டுப் பாக்க அதை விட வசதி வேற இல்ல.